வீதியில் எழும் குரலும் நகரின் அமைதியும்



மக்கள் தம் குறைகளைச் சொல்ல வீதிக்கு வரலாமா? வந்தால் எதுவரை போகலாம்? நகரத்தின் அமைதியைக் காக்கும் பொறுப்புடையோர் அவர்களை எதுவரை தடுக்கலாம்? இக்கேள்விகள் பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் மட்டும் உரியவை அல்ல. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லும் வேளையில் அவன் தாய்க்கும், கடையைப் பூட்டும்படி இளைஞர் சிலர் வந்து சொல்லும் வேளையில் வியாபாரிக்கும், கூட்டத்தைக் கலைக்கும்படி மேலதிகாரி கட்டளையிடும் வேளையில் பொலிஸ் உத்தியோகத்தருக்கும் இவை மனச்சாட்சியின் கேள்விகளாகவே எழுகின்றன.

இது பற்றி நம் இல்லங்களில் இரு கருத்துகள் உலாவுகின்றன. "நமக்கேன் இந்தச் சோலி? செபத்தைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்போம்" என்பது ஒன்று. "நமது கோரிக்கை நியாயமானது, ஆகவே அதற்காக எதைச் செய்தாலும் நியாயமே" என்பது மற்றது. முன்னது அச்சத்திலிருந்தும் பின்னது ஆத்திரத்திலிருந்தும் பிறப்பது. இரண்டும் திருச்சபையின் போதனைக்குப் பொருந்தாதவை. ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

அமைதி என்பது எது?

புனித அகுஸ்தீனார் 'இறைவனின் நகரம்' என்னும் தமது நூலின் 19ஆம் பாகத்தில் அமைதியைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமைந்திருப்பதால் உண்டாகும் சாந்தத்தையே அவர் அமைதி என்கிறார். எனவே ஓசை இல்லாமை வேறு, அமைதி வேறு. சவக்காலையிலும் ஓசை இல்லை. அதற்காக அதை நகரத்துக்கு முன்மாதிரியாக எவரும் காட்டுவதில்லை. கூலி மறுக்கப்பட்டவன் வாய் திறக்க அஞ்சும் நகரத்தில், காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய் அழவும் அஞ்சும் நகரத்தில், வாகனங்கள் ஒழுங்காக ஓடலாம். கடைகள் நேரத்துக்குத் திறக்கலாம். ஆனால் அங்கே நீதி தனக்குரிய இடத்தில் இல்லை. ஆகவே அமைதியும் இல்லை.

இதே கருத்தை மறுபுறம் திருப்பியும் பார்க்க வேண்டும். ஒழுங்கு குலைந்த நகரத்தில் முதலில் துன்புறுபவன் வலிமையற்றவனே. பணம் படைத்தவன் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் இருந்து உண்பான். அன்றாடம் உழைத்து உண்பவன் இரண்டாம் நாளே பட்டினி கிடப்பான். 1958ஆம், 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளில் நகர வீதிகள் காடையர் கையில் விடப்பட்டபோது நடந்தவற்றை நம்மவர் மறந்துவிடவில்லை. பொதுமக்கள் பாதுகாப்பு என்பது ஆட்சியாளர் கண்டுபிடித்த வெறும் சாட்டு அன்று. அது இல்லாமற்போன நாட்களில் வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் நாம்.

2019 ஏப்ரில் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலும், கொழும்பில் விடுதிகளிலும், 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் பொறுப்பிலிருந்தோர் கடமை தவறினர் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்தும்படி பணித்தது. அத்தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2021 மார்ச் 7ஆம் நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என அறிவித்து, கத்தோலிக்க மக்கள் கறுப்புடை அணிந்து உண்மையைக் கேட்டு நின்றார்கள். கவனியுங்கள்: பாதுகாப்பு வேண்டியே நாம் வீதியோரத்தில் நின்றோம். எதிர்த்துக் குரல் கொடுக்கும் உரிமையும் நகரின் பாதுகாப்பும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கப்படும் இரு பொருள்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அவை ஒரே மனிதனுக்கு, ஒரே காரணத்துக்காகத் தேவைப்படுபவை. குரல் அடக்கப்பட்ட இடத்தில் பொறுப்பிலிருப்போரின் தவறு மறைக்கப்படும். தவறு மறைக்கப்பட்ட இடத்தில் எவருக்கும் பாதுகாப்பில்லை.

திருச்சபை கூறுவது

மனிதர் ஒன்றுகூடும் உரிமை அவர்களது இயல்பிலிருந்தே எழுவது என்று பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் போதித்தார். அரசு தருவதால் வரும் உரிமை அன்று அது. அரசு ஏற்று மதிக்க வேண்டிய உரிமை. 1965இல் 2ஆம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் இதை மீண்டும் வலியுறுத்தியது. அதிகாரம் தன் எல்லையை மீறி மக்களை ஒடுக்கும்போது, பொதுநலன் உண்மையாகவே வேண்டுவதை மக்கள் மறுக்கலாகாது என்றும், ஆனால் இயற்கைச் சட்டமும் நற்செய்தியும் வகுத்த எல்லைக்குள் நின்று தம் உரிமையைக் காத்துக்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. அதே சங்கம் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையில் தந்த விதியும் இங்கே நமக்கு வழிகாட்டும். மனித சுதந்திரம் இயன்றவரை முழுமையாக மதிக்கப்பட வேண்டும். தேவை ஏற்படும்போது மட்டுமே, தேவையான அளவுக்கு மட்டுமே அதைக் கட்டுப்படுத்தலாம். ஆகவே நியாயம் காட்டும் பொறுப்பு தடுப்பவருடையது.

நமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் இவ்வாறே 14ஆம் உறுப்புரையில் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தைத் தந்து, 15ஆம் உறுப்புரையில் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றுக்காகச் சட்டத்தின் மூலம் அதை மட்டுப்படுத்தலாம் என்கிறது. பொலிஸ் கட்டளைச் சட்டப்படி ஊர்வலம் செல்ல விரும்புவோர் 6 மணித்தியாலங்களுக்கு முன் பொலிசாருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கொடுப்பது வேறு, அனுமதிக்காகக் காத்துக்கிடப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் இளைஞரும் அறிந்திருத்தல் நல்லது. பொலிசாரும் அறிந்திருத்தல் நல்லது.

வேதாகமம் காட்டும் இரு காட்சிகள்

அப்போஸ்தலர் பணி நூலின் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரில் எழுந்த கலகம் விவரிக்கப்படுகிறது. வெள்ளித் தட்டார்கள் தங்கள் பிழைப்புக்குப் பங்கம் வந்ததென்று ஆத்திரமடைந்து ஊரைத் திரட்டுகிறார்கள். கூட்டம் அரங்கத்துக்குள் புகுந்து இரண்டு மணி நேரம் ஒரே கோஷத்தை முழங்குகிறது. அங்கே வந்தவர்களுள் பெரும்பாலோர்க்குத் தாம் ஏன் கூடினோம் என்பதே தெரியாது என்கிறார் புனித லூக்காஸ். அந்த நகரின் செயலர் என்ன செய்தார்? படையை அழைக்கவில்லை. கூட்டத்தைப் பேசி அமைதிப்படுத்தினார். முறையீடு இருந்தால் நீதிமன்றம் திறந்திருக்கிறது, ஆளுநர் இருக்கிறார், முறையான சபை இருக்கிறது என்று வழி காட்டினார். பிறகே கலைந்து போகச் சொன்னார். கிறிஸ்தவர் அல்லாத அந்த அதிகாரி இன்றைய நகர அதிகாரிகள் பலருக்குப் பாடம் சொல்லக்கூடியவர். கலைந்து போ என்று சொல்பவன், எங்கே போய் முறையிடலாம் என்பதையும் காட்டக் கடமைப்பட்டவன். அந்த வாசல்கள் எல்லாம் அடைபட்டிருந்தால் மக்களுக்கு எஞ்சுவது வீதி ஒன்றே.

மற்றக் காட்சி யெருசலேமில். பாஸ்காத் திருவிழா நெருங்கிவருகிறது. உரோமையர் வந்து நாட்டையே அழித்துவிடுவர் என்று ஆலோசனைச் சபை அஞ்சுகிறது. அப்போது தலைமைக் குரு கைப்பாஸ், இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவர் சாவது நலம் என்னும் யோசனையை முன்வைக்கிறார். பொதுமக்கள் பாதுகாப்பின் பேரால் சொல்லப்பட்ட நியாயம் அது. கேட்பதற்கு விவேகமாகவும் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தின் முடிவில் குற்றமற்ற நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கினார். "பெரும்பான்மையோரின் நன்மைக்காகச் சிலரை அடக்குகிறோம்" என்று எவரேனும் சொல்லும்போது, கிறிஸ்தவன் கைப்பாஸை நினைத்து ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் நாடு கண்டது

கொழும்பு காலிமுகத்திடல் இந்த விடயத்தில் நமக்கு ஒரு பாடநூல். 1956 யூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் திரு. செல்வநாயகம் தலைமையில் தமிழர் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் அவர்களைத் தாக்கினர். பொலிசார் தக்க பாதுகாப்பு அளிக்கவில்லை. அமைதியாக அமர்ந்திருந்தோரைக் காக்கத் தவறிய அந்நாளின் வன்முறை அந்தத் திடலோடு நிற்கவில்லை. நகரத்துக்கும் கல்லோயாவுக்கும் பரவியது. 66 ஆண்டுகளின் பின், 2022 ஏப்ரில் 9 முதல், பொருளாதார நெருக்கடியால் வருந்திய மக்கள் அதே திடலில் கூடினார்கள். எல்லா இனத்தவரும், குருக்களும் கன்னியரும் அங்கு நின்றதை நாடு கண்டது. மே 9ஆம் நாள் ஆளும் கட்சி ஆதரவாளர் அவர்களைத் தாக்கினர். அன்று மாலையே பதிலுக்கு எழுந்த கும்பல்கள் அரசியல்வாதிகளின் வீடுகளை எரித்தன. நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் உயிரிழந்தார். ஒரு மாதமாக அமைதியாக நின்றவர்களின் நற்பெயருக்கு ஓரிரவின் தீ பெரும் பங்கம் விளைத்தது.

யூலையில் பதில் சனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். 22ஆம் நாள் அதிகாலையில் படையினர் திடலுக்குள் புகுந்து கூடாரங்களை அகற்றினர். அப்பிரகடனம் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 யூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நகரின் பல பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. ஆபத்து உண்மையிலேயே இருந்திருந்தால் அதைச் சில நாட்களில் மீளப்பெற்றிருக்க முடியுமா என்று வாசகர்களே சிந்தித்துப் பாருங்கள்.

கூட்டத்தைக் கலைக்கும் முறையே உயிர்களைக் குடித்த கதையையும் நாம் அறிவோம். 1974 ஜனவரி 10ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சிக்குக் கூடியிருந்தோர் எவரையும் எதிர்த்து வந்தவர்கள் அல்லர். வீதியைத் தெளிவாக்கப் பொலிசார் கையாண்ட பலாத்காரத்தால், மின்கம்பி அறுந்து வீழ்ந்து, ஒன்பது பேருக்குக் குறையாதோர் இறந்தனர். 2013 ஓகஸ்ட் முதலாம் நாள் வெலிவேரியாவில் சுத்தமான குடிநீர் கேட்டு வீதியில் நின்றவர்கள் மீது இராணுவம் சுட்டதில் மூவர் மாண்டனர். அருகிலிருந்த புனித அந்தோனியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோரும் தாக்கப்பட்டனர். தண்ணீர் கேட்டவர்களுக்குத் துப்பாக்கியால் விடை சொன்ன நாளில் வெலிவேரியாவின் பாதுகாப்பு கூடியதா, குறைந்ததா?

தொல்லை வேறு, தீங்கு வேறு

இனி நம் பக்கம் திரும்புவோம். "எவருக்கும் ஒரு சிறு இடைஞ்சலும் இல்லாமல் எதிர்ப்புக் காட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்?" என்று இளைஞர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி இது. ஊர்வலம் போனால் பஸ் தாமதமாகும். கோஷம் எழுந்தால் காது வலிக்கும். இது தொல்லை. நீதிக்காக அயலவன் எழுப்பும் குரலைக் கேட்க ஒரு மணித்தியாலத் தொல்லையைப் பொறுத்துக்கொள்வது அன்புக் கட்டளையின் ஒரு பகுதியே. நம் சுற்றுப் பிரகாரங்களுக்கும் தேர்த் திருவிழாக்களுக்கும் பிறர் வீதியை விட்டுத் தருவதில்லையா?

ஆனால் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை ஏற்றிவரும் அம்புலன்ஸ் மறிக்கப்பட்டால் அது தொல்லை அன்று, தீங்கு. பரீட்சைக்குப் போகும் பிள்ளை பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டால் அது தீங்கு. திறந்திருக்கும் கடையின் கண்ணாடி உடைக்கப்பட்டால் அது தீங்கு. தொல்லையைத் தரும்படி நீதி சில வேளை நம்மை வற்புறுத்தலாம். குற்றமற்றவனுக்குத் தீங்கு செய்ய நீதி ஒருபோதும் அனுமதிப்பதில்லை. நல்ல நோக்கம் தீய வழியை நல்லதாக்காது என்பது நாம் ஞானோபதேச வகுப்பிலேயே கற்ற பாடம்.

வடக்கிலும் கிழக்கிலும் நாம் அடிக்கடி கையாளும் கர்த்தாலை இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டபோதும், 2023 ஒக்ரோபரில் முல்லைத்தீவு நீதிபதியின் பதவி விலகலை ஒட்டியும் கடைகள் அடைக்கப்பட்டன. தானே மனமுவந்து கடையைப் பூட்டும் வியாபாரி ஒரு நாள் வருவாயைத் தியாகம் செய்கிறான், அது போற்றத்தக்கது. பயந்து பூட்டுபவன் எதையும் தியாகம் செய்யவில்லை, அவனிடமிருந்து பறிக்கப்படுகிறது. அன்றைய கூலியை நம்பியிருக்கும் மூட்டை சுமப்பவனின் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால், அந்தக் கர்த்தாலின் செலவைச் செலுத்தியவர் கொழும்பில் இருக்கும் அமைச்சர் அல்லர், அந்தச் சுமையாளே. அவனுக்கு அன்று மதியம் ஒரு பிடி சோறு கொடுக்க ஏற்பாடு செய்யாதவர்கள் அவன் பேரால் பேசுவது எங்ஙனம்? 2025 ஓகஸ்டில் 15ஆம் நாளுக்கு எனக் கூறப்பட்ட கர்த்தால், அன்று மடுமாதா திருவிழா என்பதால் 18ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது. பக்தர்களுக்காக நாளை மாற்ற முடியுமானால், கூலியாளுக்காக முறையையும் மாற்ற முடியும்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு நகரங்களுக்கு வெளியே, நம் சொந்தக் கத்தோலிக்க மக்களே சாட்சி. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், தங்கள் தீவைக் கேட்டு 2017 மே முதலாம் நாள் தொடக்கம் இரணைமாதாநகரில் தொடர்ந்து அமர்ந்திருந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டின் பின், 2018 ஏப்ரில் 23ஆம் நாள் வெள்ளைக் கொடிகளுடன் படகுகளில் ஏறித் தாமே தீவில் போய் இறங்கினார்கள். ஒருவரையும் அவர்கள் அடிக்கவில்லை. ஒரு கடையையும் பூட்டச் சொல்லவில்லை. வெயிலையும் மழையையும் தொழில் நட்டத்தையும் தாங்களே தாங்கினார்கள். தம் போராட்டத்தின் செலவைத் தாமே செலுத்தினமையால் அவர்களை நோக்கிக் கைநீட்டிக் குற்றம் சொல்ல எவராலும் முடியவில்லை.

நமக்கான அளவுகோல்

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில் கலகம் பாவம் என்கிறார். ஏனெனில் அது மக்களின் ஒற்றுமையையும் பொதுநலனையும் குலைக்கிறது. ஆயினும் கொடுங்கோலாட்சி பொதுநலனை நாடாதது. ஆதலால் அதை எதிர்ப்பது கலகம் ஆகாது, கொடுங்கோலனே கலகக்காரன் என்கிறார். இதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார்: அந்தக் கொடுங்கோன்மையால் வந்த துன்பத்தைவிட எதிர்ப்பினால் மக்களுக்கு வரும் துன்பம் பெரிதாகிவிடக் கூடாது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்த நெறியிலிருந்து இரு தரப்பாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் பெறலாம்.

அதிகாரத்தில் இருப்போரிடம் மூன்று கேள்விகள். முதலாவது: நீங்கள் கூறும் ஆபத்து உண்மையானதா, அன்றி உங்களுக்கு வரும் வெட்கத்தையே ஆபத்து என்கிறீர்களா? இரண்டாவது: கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் ஒழுங்குபடுத்துகிறீர்களா, அன்றி அது சொல்ல வந்த செய்தியையே அடக்குகிறீர்களா? மூன்றாவது: கண்ணீர்ப்புகைக்கும் தடியடிக்கும் முன் பேசிப் பார்த்தீர்களா? ஆயிரம் பேருள் கல்லெறிந்த பத்துப் பேரைப் பிடிக்க முடியாமல் ஆயிரம் பேரையும் அடிப்பது பாதுகாப்பு அன்று, இயலாமை.

வீதிக்கு இறங்குவோரிடமும் மூன்று கேள்விகள். முதலாவது: நாம் ஏன் கூடினோம் என்பது நமக்குத் தெரியுமா, அன்றி எபேசு நகரத்தாரைப்போலக் கோஷத்தின் பின்னால் போகிறோமா? இரண்டாவது: நமது எதிர்ப்பின் செலவை யார் செலுத்துகிறார்? நாமா, நம்மிலும் எளியவனா? மூன்றாவது: நம் நடுவே கல்லை எடுப்பவனின் கையைப் பிடிக்க நமக்குத் துணிவு உண்டா? பொலிசாரை எதிர்ப்பதிலும் சொந்தத் தோழனைத் தடுப்பதற்கே பெரிய துணிவு வேண்டும்.

இல்லங்களுக்கு ஒரு சொல்

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ நீதிக்காகக் குரல் கொடுக்க விரும்பினால், உடனே தடுத்துவிடாதீர்கள். அந்த விருப்பம் நீங்கள் ஊட்டிய விசுவாசத்திலிருந்தே பிறந்திருக்கலாம். ஏன் போகிறாய், யாரோடு போகிறாய், கைகலப்பு மூண்டால் என்ன செய்வாய் என்று அமர்ந்து பேசுங்கள். பேசித் தெளிந்து போகும் பிள்ளை கூட்டத்தில் காணாமற்போய்விடாது. கூட்டத்தையே நல்வழியில் நிறுத்தக் கூடியது. உங்கள் வீட்டில் பொலிஸ் சேவையில் ஒருவர் இருந்தால் அவருக்கும் இதே அன்போடு சொல்லுங்கள்: தடியை ஓங்குமுன் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள்; நிராயுதபாணியைச் சுடும்படி எவர் கட்டளையிட்டாலும் அதற்குக் கீழ்ப்படியக் கடமை இல்லை.

விசாரணையில் காவலன் ஒருவன் நம் ஆண்டவரைக் கன்னத்தில் அறைந்தபோது, அவர் திருப்பி அடிக்கவில்லை. வாய் மூடியிருக்கவும் இல்லை. தாம் பேசியதில் தவறு என்ன என்று காட்டும்படி அவனிடமே கேட்டார். பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்ட புனித சின்னப்பரும், இரகசியமாக விடுதலை பெற்றுப் போக மறுத்து, அதிகாரிகள் தாமே வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். கையை ஓங்காமல், தலையும் குனியாமல் அவர்கள் கேள்வி கேட்டார்கள். நம் நகர வீதிகளில் கத்தோலிக்கன் நிற்க வேண்டிய விதமும் அதுவே.